அந்தக் கார் விளம்பரப் பாட்டு முழுசாக எங்கே கிடைக்கும்?

#1 பின்சீட்பயணி

ஒரு வாரமாக மண்டையைக் குடைகிறது. மழை விட்ட மலைப்பாதையில் ஒரு கார் போகுமே, பின்சீட்டில் இருக்கும் சிறுமி கண்ணாடியில் மூச்சு விட்டு விரலால் மீன் வரைவாளே, அந்த விளம்பரம்தான். வசனம் கிடையாது. கித்தார் தனியாகத் தொடங்கும், நாலைந்து விநாடியில் ஒரு பெண் குரல் ஹம்மிங் எடுக்கும், கடைசியில் கார்க் கதவு மூடும் ‘தப்’ சத்தமும் தாளத்தின் கடைசி அடியும் ஒன்றாக விழும். அந்த இடத்தில் ஒவ்வொரு முறையும் எனக்குப் புல்லரிக்கிறது, கேலி செய்யாதீர்கள்.

பாட்டைக் கண்டுபிடித்துத் தரும் செயலியிடம் ஏழெட்டு முறை காட்டிவிட்டேன், ‘எதுவும் கிடைக்கவில்லை’ என்கிறது. யூடியூபில் அந்த விளம்பரத்துக்குக் கீழே என்னைப் போலவே ஒரு கூட்டம் ‘இது என்ன பாட்டு’ என்று கேட்டுவிட்டுக் காத்துக்கொண்டிருக்கிறது. முழுப் பாட்டு யாரிடமாவது இருந்தால் புண்ணியமாகப் போகும்.

#2 வட்டத்தட்டு

எழுபதுகளில் வந்த ஏதாவது ஃபோக் ஆல்பத்தில் இருக்கும். அந்தக் கித்தார் ஒலியே பழசு. நன்றாகக் கேளுங்கள், டேப் இரைச்சல்கூட இருக்கிறது.

#3 ஸ்ருதிப்பெட்டி

டேப் இரைச்சல் இன்றைக்கு மென்பொருளில் ஒரு குமிழைத் திருகினால் வருகிற சமாச்சாரம், வட்டத்தட்டு. அதை வைத்து வயதைச் சொல்ல முடியாது.

இது விளம்பரத்துக்கென்றே போட்ட இசை என்பது என் கணிப்பு. காது கொடுத்துக் கேட்டால் தெரியும். கார் வளைவில் திரும்பும்போது ஹம்மிங் மேலே ஏறுகிறது. சிறுமி விரலை எடுக்கும் கணத்தில் கித்தார் ஒரு அடி மௌனமாகிறது. அப்புறம் அந்தக் கதவு. ஏற்கெனவே இருந்த பாட்டை வெட்டி ஒட்டினால் ஓரிடத்தில் இப்படிப் பொருந்தலாம், மூன்று இடத்தில் பொருந்தாது. ஆக, நீங்கள் தேடும் முழுப் பாட்டு இந்த உலகத்தில் இல்லை. அந்த முப்பது விநாடிதான் பாட்டு.

#4 பின்சீட்பயணி

இல்லவே இல்லையா? மனசு கேட்கவில்லையே சார். பல்லவி கேட்டவனுக்குச் சரணம் இல்லை என்றால் எப்படி?

#5 நான்காம்கியர்

சரணம் இருந்தால்தான் அதைப் பாட்டு என்றே சொல்லலாம். முப்பது விநாடிக்கு நாலு ஸ்வரத்தைச் சுற்றிச் சுற்றி வாசித்துவிட்டு அதற்கு ‘இசையமைப்பு’ என்று பெயர் வேறு. நான் கார் பைத்தியம், நிறைய விளம்பரம் பார்த்திருக்கிறேன். பாதிக்கு மேல் எங்கேயோ கேட்ட பாட்டின் சாயல்தான். ஹிட் பாட்டுக்கு உரிமம் வாங்கக் காசு அதிகம் என்று அதே மாதிரி ஒன்றைப் போட்டுக்கொள்கிறார்கள். இதில் புல்லரிக்க என்ன இருக்கிறது?

#6 ஒலிக்கூடம்

பல மாதமாகச் சும்மா படித்துக்கொண்டிருந்தவன், இந்த இழை எழுத வைத்துவிட்டது. பதினோரு வருடமாக விளம்பர இசைதான் எனக்குச் சோறு போடுகிறது. கார் விளம்பரம் மட்டும் ஏழு செய்திருக்கிறேன்.

நான்காம்கியர், நாலு ஸ்வரம் என்றீர்களே, உண்மைதான். ஆனால் அந்த நாலை எங்கே வைப்பது என்பதில்தான் தூக்கம் போகும். முப்பது விநாடிப் படத்தில், விநாடிக்கு 25 ஃபிரேம் கணக்கில், மொத்தம் 750 ஃபிரேம். இசைக்காரன் முதலில் எடுப்பது கித்தாரை இல்லை, கால்குலேட்டரை. நிமிடத்துக்கு 128 அடி வேகம் வைத்தால் முப்பது விநாடியில் 64 அடி, அதாவது நாலு நாலாக எண்ணினால் சரியாக 16 பார். சதுரமாக உட்கார்ந்துவிடும். 120 வைத்தால் 60 அடி, 15 பார். பதினைந்து என்பது காதுக்கு ஒற்றைக்கால் மாதிரி. நம் காது எட்டும் பதினாறும் எதிர்பார்த்தே பழகியது, ஒன்று குறைந்தால் எதையோ பறிகொடுத்ததுபோல் இருக்கும். 125 வைத்தால் இன்னொரு வசதி: ஒரு அடிக்குச் சரியாக 12 ஃபிரேம். எடிட்டர் எங்கே வெட்டினாலும் தாளத்தில் விழும். ஆனால் மலைப்பாதையில் மெதுவாகப் போகும் காருக்கு 125 வைத்தால் துரத்துகிற மாதிரி இருக்கும். அதனால் பாதி வேகத்தில் வாசித்து உள்ளுக்குள் 125-ஐ ஓடவிடுவோம். பின்சீட்பயணி சொன்ன விளம்பரத்திலும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன், காலால் தட்டிப் பாருங்கள்.

இது போக, கடைசி மூன்று நான்கு விநாடியில் கம்பெனி முத்திரை வரும். அதன்மேல் ஒரு குரல் ஒரு வரி சொல்லும். அங்கே இசை ஒதுங்கி வழி விட வேண்டும், ஆனால் ஒதுங்கியது தெரியக் கூடாது. இதையும் கணக்கில் கழித்தால் உங்கள் கையில் மிஞ்சுவது இருபத்தாறு விநாடி. அதற்குள் தொடக்கம், ஏற்றம், ஒரு திருப்பம், முடிவு. செல்போன் ஸ்பீக்கரில் கீழ்ஸ்தாயி கேட்கவே கேட்காது, அதனால் பேஸ் வாத்தியத்துக்கு மேலே கொஞ்சம் கரகரப்பு சேர்த்து அது இருப்பதாகக் காதை நம்ப வைக்க வேண்டும். சும்மா இல்லை சார்.

#7 நான்காம்கியர்

கணக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தையல்காரர் அளவெடுப்பது மாதிரி இருக்கிறதே தவிர, கலை எங்கே?

#8 ஒலிக்கூடம்

தையலும் கலைதானே. சட்டை போட்டுப் பார்த்தவருக்குத் தெரியும்.

#9 வட்டத்தட்டு

ரஹ்மானே 1992-இல் ரோஜாவுக்கு முன்னால் வருடக்கணக்கில் விளம்பரங்களுக்குத்தான் இசை போட்டுக்கொண்டிருந்தார் என்பதை நான்காம்கியருக்குப் பணிவுடன் நினைவூட்டுகிறேன். டேப் இரைச்சல் விஷயத்தில் என் தோல்வியையும் ஒப்புக்கொள்கிறேன்.

#10 ஸ்ருதிப்பெட்டி

ஒலிக்கூடம் அண்ணே, ஒரு சந்தேகம். கார் விளம்பரத்தில் என்ஜின் சத்தமும் இருக்கும், பாட்டும் இருக்கும். இரண்டும் ஸ்ருதி சேராவிட்டால் என்ன செய்வீர்கள்? அல்லது யாரும் கவனிப்பதே இல்லையா?

#11 ஒலிக்கூடம்

அடேயப்பா, சரியான இடத்தில் கை வைத்துவிட்டீர்கள். இதற்கு ஒரு கதை இருக்கிறது.

என் மூன்றாவது கார் வேலை. நாலு சிலிண்டர் பெட்ரோல் வண்டி, நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் ஒன்பது விநாடி போகிற ஷாட். நான் ஜி ஸ்ருதியில் போட்டிருந்தேன். தனியாகக் கேட்டால் தேன். என்ஜின் ஒலியைச் சேர்த்ததும் அடியில் ஏதோ ‘வ்வும்… வ்வும்…’ என்று அலையடிக்கிறது. சவுண்ட் எஞ்சினியர் ஸ்பீக்கரைச் சந்தேகப்பட்டார், நான் கேபிளைச் சந்தேகப்பட்டேன். ராத்திரி பதினொன்றரைக்குத்தான் உறைத்தது.

நாலு சிலிண்டர் என்ஜினில் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை எரிபொருள் வெடிக்கும். நிமிடத்துக்கு 3000 சுற்று என்றால் விநாடிக்கு 50 சுற்று, 100 வெடிப்பு. ஆக என்ஜின் 100 ஹெர்ட்ஸில் பாடிக்கொண்டிருக்கிறது. என் பேஸ் கித்தாரின் ஜி ஸ்வரம் 98 ஹெர்ட்ஸ். இரண்டுக்கும் இரண்டு ஹெர்ட்ஸ் வித்தியாசம், அதனால் விநாடிக்கு இரண்டு தடவை அலை. தம்பூராவில் இரண்டு தந்தி லேசாக விலகி நின்றால் கேட்குமே, அதே அலைதான். என்ஜின் ஸ்ருதி விலகி நின்றது, அவ்வளவுதான்.

பாட்டை ஏற்றலாமா, என்ஜினை இறக்கலாமா என்று அரை மணி நேர வாக்குவாதம். பாடகி ஏற்கெனவே பாடிவிட்டுப் போய்விட்டார். கடைசியில் என்ஜினை இரண்டு சதவீதம் இறக்கினோம். அலை நின்றது. அதுமட்டுமில்லை, அந்த வண்டியே பாட்டுக்குத் தம்பூரா போடுகிற மாதிரி ஆகிவிட்டது. மறுநாள் கம்பெனிக்காரர்கள் கேட்டுவிட்டு, ‘வண்டி ரொம்ப ஸ்மூத்தாகப் போகிற மாதிரி இருக்கிறதே, படத்தில் ஏதாவது மாற்றினீர்களா?’ என்றார்கள். நாங்கள் இரண்டு பேரும் தரையைப் பார்த்தோம்.

#12 நான்காம்கியர்

இது எனக்குப் பிடித்திருக்கிறது, ஒளிக்காமல் சொல்கிறேன். மூன்று சிலிண்டர் வண்டி என்றால் அதே 3000-இல் 75 ஹெர்ட்ஸ்தான் வரும், இல்லையா? அதனால்தான் அந்த வண்டிகளின் முனகல் வேறு மாதிரி இருக்கிறது. ஐந்து வருடமாக ஓட்டுகிறேன், இப்போதுதான் கணக்குப் புரிகிறது.

ஆனால் என் பழைய கேள்விக்குப் பதில் வரவில்லை. காப்பி விஷயம்.

#13 ஒலிக்கூடம்

வருகிறேன். அதை மழுப்ப மாட்டேன்.

எங்கள் தொழிலில் ‘ரெஃபரன்ஸ்’ என்று ஒரு பூதம் உண்டு. எடிட்டர் படத்தை வெட்டும்போது வெறுமையாக இருக்கக் கூடாது என்று ஏதாவது ஒரு பிரபலப் பாட்டைப் போட்டு வெட்டுவார். இயக்குநர் அதையே நூறு தடவை கேட்பார். கம்பெனிக்காரர்களும் அதோடுதான் முதலில் பார்ப்பார்கள். அப்புறம் நான் உள்ளே வருவேன். நான் எதைப் போட்டாலும் ‘நன்றாக இருக்கிறது, ஆனால்…’ என்று இழுப்பார்கள். அந்த ஆனாலுக்குப் பொருள், ‘அதே பாட்டைக் கொடு, ஆனால் அந்தப் பாட்டாக இருக்கக் கூடாது.’

ஒரு வேலைக்குப் பதினாலு வடிவம் அனுப்பினேன். ஒவ்வொரு முறையும் ரெஃபரன்ஸுக்கு இன்னும் கொஞ்சம் கிட்டே வா என்றார்கள். ஒன்பதாவது வடிவத்தில் தாளம் அதே, கார்டு (ஸ்வரக்கூட்டு) வரிசை அதே, குரலின் கரகரப்பும் அதே. ராகத்தில் இரண்டு ஸ்வரம் மட்டும் மாற்றியிருந்தேன். அதை அனுப்பிவிட்டு எனக்கே அருவருப்பாக இருந்தது. அதைத்தான் அவர்கள் ஓகே சொன்னார்கள். வழக்கறிஞரிடம் காட்டினார்கள், அவர் நேராக ‘வேண்டாம்’ என்றுவிட்டார். சுற்றிச் சுற்றிக் கடைசியில் ஒளிபரப்பானது என்னுடைய இரண்டாவது வடிவம்.

#14 ஸ்ருதிப்பெட்டி

வழக்கறிஞர் பயந்ததில் நியாயம் இருக்கிறது. இந்த விஷயத்தில் எல்லோரும் மேற்கோள் காட்டும் அமெரிக்க வழக்கே கார் விளம்பரத்தில் வந்ததுதான். அமெரிக்கப் பாடகி பெட் மிட்லர் ஃபோர்டு கார் கம்பெனிமீது போட்ட வழக்கு. எண்பதுகளின் நடுவில் ஃபோர்டுக்காக அவர்களுடைய விளம்பர நிறுவனம் எழுபதுகளின் பாட்டுகளை வைத்து ஒரு தொடர் எடுத்தது. மிட்லரைப் பாடக் கேட்டார்கள், அவர் தரப்பு மறுத்துவிட்டது. உடனே அவரோடு பத்து வருடம் பின்னணிக் குரல் பாடிய ஒருவரைக் கூப்பிட்டு, முடிந்தவரை அவர் மாதிரியே பாடச் சொன்னார்கள். கேட்டவர்கள் மிட்லர்தான் பாடுகிறார் என்று நம்பினார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, பாட்டுக்கான உரிமையை அவர்கள் முறையாக வாங்கியிருந்தார்கள். காப்புரிமைப்படி பார்த்தால் தப்பில்லை. ஆனாலும் 1988-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், பரவலாக அறியப்பட்ட ஒரு பாடகரின் தனித்துவமான குரலைப் பொருள் விற்பதற்காக வேண்டுமென்றே போலி செய்தால் அது கலிஃபோர்னியாவில் இழப்பீடு கேட்கத்தக்க தவறுதான் என்றது. பிறகு ஜூரி 4 லட்சம் டாலர் கொடுக்கச் சொன்னது. டாம் வெயிட்ஸ் என்ற அமெரிக்கப் பாடகரும் இதே மாதிரி வட ஐரோப்பாவில் ஓடிய ஓப்பல் கார் விளம்பரத்துக்காக 2005-இல் ஜெர்மனியில் வழக்குப் போட்டார். 2007-இல் சமரசத்தில் முடிந்தது.

#15 நான்காம்கியர்

பார்த்தீர்களா, நான் சொன்னது இதைத்தான். உரிமையாளர் ‘மாட்டேன்’ என்றால் விட்டுவிட வேண்டியதுதானே? அவர் நிழலைப் பிடித்து வந்து காரில் உட்கார வைப்பது என்ன நியாயம்?

#16 மெட்டுக்காரி

நான் பாடுகிறவள். இப்படிப்பட்ட குரல் வேலை இரண்டு மூன்று செய்திருக்கிறேன். ‘இன்னாரை மாதிரிப் பாடு’ என்று யாரும் நேரடியாகச் சொல்வதில்லை. ஹெட்ஃபோனில் அந்த இன்னாரின் பாட்டை ஒரு தடவை போட்டுக் காட்டிவிட்டு, ‘இந்த ஃபீல்’ என்பார்கள். ஃபீல் என்ற ஒரு சொல்லுக்குள் எவ்வளவு திருட்டையும் மறைத்துவிடலாம்.

ஆனால் எல்லாச் சாயலையும் திருட்டு என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. ஒருவர் பாணியைக் கேட்டுத்தானே இன்னொருவர் பாடக் கற்றுக்கொள்கிறார்? என் குரலில் என் குருவின் குரல் பாதி இருக்கிறது. அதற்காக நான் வாயை மூடிக்கொள்ள முடியுமா?

#17 நான்காம்கியர்

குருவிடம் கற்றுக்கொள்வது வேறு, குரு மறுத்த கச்சேரிக்கு அவர் வேஷத்தில் போய் நிற்பது வேறு.

#18 மெட்டுக்காரி

அதுவும் சரிதான். ஆனால் வேஷம் எங்கே தொடங்குகிறது என்று மைக் முன்னால் நிற்கிறவளுக்குச் சொல்லத் தெரியாது சார். அதுதான் என் கஷ்டம்.

#19 பின்சீட்பயணி

நான் ஒரு பாட்டைத் தேடி வந்தேன், நீங்கள் நீதிமன்றம் வரை கூட்டிப்போய்விட்டீர்கள்! என் கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது. இவ்வளவு பேர் கேட்கிறார்கள், அந்த முப்பது விநாடியை மூன்று நிமிடமாக நீட்டி வெளியிட்டால் கம்பெனிக்கு லாபம்தானே? ஏன் செய்வதில்லை?

#20 ஒலிக்கூடம்

பெரும்பாலும் சோம்பலும் ஒப்பந்தமும்தான் காரணம். பல வேலைகளில் மொத்தமாக ஒரு தொகை கொடுத்து உரிமையை எழுதி வாங்கிவிடுவார்கள். அதற்குப் பிறகு அந்த மெட்டு என்னுடையது இல்லை. நீட்டி வெளியிட ஆசை எனக்கு இருக்கும், உரிமை இருக்காது. உரிமை கம்பெனிக்கு இருக்கும், ஆசை இருக்காது. அடுத்த மாடல் வந்ததும் அடுத்த மெட்டு, பழசு அலமாரிக்கு.

நடந்ததே இல்லை என்று சொல்ல மாட்டேன். கார்பென்டர்ஸ் என்ற அமெரிக்கப் பாடகர் ஜோடி 1970-இல் பாடிப் பெரிய ஹிட்டான ‘வீவ் ஒன்லி ஜஸ்ட் பிகன்’ முதலில் ஒரு வங்கி விளம்பரத்துக்கு எழுதியது. பால் வில்லியம்ஸ், ரோஜர் நிக்கல்ஸ் இரண்டு பேரும் போட்டது. கல்யாணம் முடித்துக் காரில் கிளம்பும் ஜோடியைக் காட்டும் விளம்பரம், ஆகவே கொஞ்சம் கார் சம்பந்தமும் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

#21 வட்டத்தட்டு

அந்தப் பாட்டு வங்கிக்குப் போட்டதா! எத்தனை கல்யாண வீடியோவில் கேட்டிருப்பேன்.

#22 ஸ்ருதிப்பெட்டி

கார் விளம்பர இசை என்று பேசிவிட்டு ஹோண்டா சிவிக்குக்கு 2006-இல் பிரிட்டனில் வந்த ‘கொயர்’ விளம்பரத்தைச் சொல்லாமல் விட்டால் பாவம். வாத்தியமே கிடையாது. அறுபது பேர் கொண்ட பாடகர் குழு ஒரு கார் நிறுத்துமிடத்தில் நின்றுகொண்டு, வண்டி எழுப்பும் சத்தம் அத்தனையையும் வாயாலும் உடம்பாலும் எழுப்புகிறார்கள். என்ஜின் கிளம்புவது, மழை, வைப்பர், சரளைக்கல் மேல் சக்கரம் உருள்வது எல்லாம். ஸ்டீவ் சிட்வெல் அமைத்தது. முதல் தடவை பார்த்தபோது சிரித்தேன். இரண்டாம் தடவை கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன், வண்டிக்குள் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது.

நான்காம்கியர், அதை எந்தப் பாட்டிலிருந்து எடுத்தார்கள் என்று சொல்லுங்கள் பார்ப்போம்.

#23 நான்காம்கியர்

அதைப் பார்த்திருக்கிறேன். அதை விளம்பரம் என்று நினைத்ததே இல்லை, அதுதான் கோளாறு. சரி, ஒரு அடி பின்வாங்குகிறேன். ஒரே ஒரு அடி.

#24 மெட்டுக்காரி

வைப்பர் சத்தத்தை வாயால் செய்து பாருங்கள் யாராவது. ‘ஷ்ஷ்க்-ஷ்ஷ்க்’ என்று பதினாறு அடி தாளம் பிசகாமல். வீட்டில் முயற்சி செய்து மூச்சு வாங்கிவிட்டது. மூச்சை உள்ளே இழுக்கும்போதும் சத்தம் வரும்படி செய்தால்தான் நடக்கிறது.

#25 வட்டத்தட்டு

நாளைக்கு எல்லாம் மின்சாரக் கார் ஆகிவிட்டால் ஒலிக்கூடத்தின் அந்த 98, 100 கதையெல்லாம் பழங்கதைதானே? என்ஜின் சத்தமே இருக்காதே.

#26 ஒலிக்கூடம்

அங்கேதான் இன்னொரு வேடிக்கை. சத்தமே இல்லாத வண்டி நடந்து போகிறவர்களுக்கு, முக்கியமாகப் பார்வையற்றவர்களுக்கு ஆபத்து. அதனால் ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 ஜூலை முதல் புதிய மின்சாரக் கார்கள் எல்லாம் மெதுவாகப் போகும்போது, சுமார் 20 கிலோமீட்டர் வேகம் வரைக்கும், தாமாகவே ஒரு ஒலி எழுப்பியாக வேண்டும். அந்த ஒலியை யாராவது அமைக்க வேண்டுமே? கம்பெனிகள் இசைக்காரர்களைத் தேடி வருகின்றன. பி.எம்.டபிள்யூ தன் மின்சார வண்டிகளுக்குள் ஓட்டுநர் காதில் விழும் ஒலியை அமைக்க ஹாலிவுட் இசையமைப்பாளர் ஹான்ஸ் ஜிம்மரையே கூப்பிட்டது.

எனக்கு இதில் ஒரு அல்ப சந்தோஷம். இனிமேல் வண்டியின் ஸ்ருதியை வண்டி செய்கிறவர்களே முதலில் முடிவு செய்வார்கள். எனக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டால் போதும், ராத்திரி பதினொன்றரை வரை கேபிளைத் தடவ வேண்டாம்.

#27 பின்சீட்பயணி

மூன்று வாரம் கழித்து வருகிறேன். விளம்பரத்தைப் பத்து விநாடிக்கு வெட்டிவிட்டார்கள், கவனித்தீர்களா? கித்தார் போய்விட்டது. ஹம்மிங் பாதியில் தொடங்குகிறது. மீனும் இல்லை. கதவு மட்டும் ‘தப்’ என்று விழுகிறது. ஒலிக்கூடம் அண்ணே சொன்னபடி காலால் தட்டி எண்ணிப் பார்த்தேன், பழையதில் மொத்தம் 16 பார் வந்தது. அதாவது 128. இதில் என்னால் ஐந்துக்கு மேல் எண்ண முடியவில்லை.

ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். நீங்கள் செய்த ஏழு கார்களில் ஒன்றாவது மழை விட்ட மலைப்பாதையில் போயிற்றா?

#28 ஒலிக்கூடம்

விளம்பரத்தில் எல்லாக் காரும் மலைப்பாதையில்தான் போகும் தம்பி. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவன் வாயைத் திறக்கக் கூடாது.

#29 பின்சீட்பயணி

சரி, காரை விடுங்கள். பொதுவாகக் கேட்கிறேன். இப்படிப்பட்ட மெட்டுகளுக்குச் சரணம் என்று ஒன்றை யாராவது எழுதி வைத்திருப்பார்களா?

#30 ஒலிக்கூடம்

பொதுவாகச் சொல்கிறேன். சில பேர் எழுதி வைத்திருப்பார்கள். இரண்டு நிமிடம் நாற்பது விநாடி. சரணத்தில் சோகம் தொனிக்கும் மைனர் ஸ்வர வரிசைக்குப் போகும், குரல் வராது, கித்தார் மட்டும். கதவுச் சத்தம் கிடையாது.